ஆஸ்பத்திரிக்கு ஒரு வாடகை இடம்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஐப்பசி மழை. திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். தறியும் லாரியும்தான் இங்கே பிழைப்பு. அந்த ஊரின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். அதே ஊருக்கு மருமகளாக வந்தவளும்கூட. என் கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். அதனால் எனக்கு வீட்டைவிட ஆஸ்பத்திரியில்தான் அதிகம் பழக்கம். ஊரில் பாதிப் பேருக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன், நிறையப் பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியதும் நான்தான்.

மழை பிடித்த முதல் வாரத்தில் பிரசவ வார்டின் மேல்தளத்திலிருந்து ஒரு பெரிய காரைத் துண்டு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அந்தக் கட்டிலில் இருந்த பெண்ணும் குழந்தையும் அன்று காலையில்தான் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கட்டிலின் தலைமாடு வளைந்துபோய்க் கிடந்தது.

பொறியாளர்கள் வந்தார்கள். சுவரையும் தளத்தையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். தட்டிய இடமெல்லாம் மாவு மாதிரி உதிர்ந்தது. இனி ஒரு ஆள்கூட உள்ளே இருக்கக் கூடாது, கட்டடத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுவார்கள், அதுவரை வாடகைக்கு ஒரு இடம் பிடித்து மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்.

எங்கள் டாக்டர் சின்னப் பெண். வேறு மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர், ஊரில் யாரையும் தெரியாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இடம் தேடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா, நீங்கள் கேட்டால் இந்த ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரத்தில் இடம் பிடித்துவிடலாம் மேடம் என்றேன்.

தேவையும் ஒன்றும் பெரிதில்லை. தரைத்தளமாக இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து திரும்ப வழி வேண்டும். தண்ணீர், கழிப்பறை, மூன்று நான்கு அறை. முக்கியமாக ஊருக்குள் இருக்க வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நடந்து வருகிற வயசானவர்கள். வாடகையை அரசாங்கமே கணக்குப் போட்டுத் தரும். ஊரில் அந்த மாதிரிக் கட்டடங்கள் பூட்டித்தான் கிடந்தன.

இடம் கிடைக்கும்வரை ஆஸ்பத்திரி முற்றத்தில் ஷாமியானா போட்டு நோயாளிகளைப் பார்த்தோம். தடுப்பூசி ஃபிரிட்ஜைப் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு மூலையில் வைத்தோம். பிரசவம் மட்டும் பார்க்க முடியாது. வலி வந்தவர்களை எல்லாம் திருச்செங்கோட்டுக்கு அனுப்பினோம். மழை வந்தால் மாத்திரைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்கு ஓடுவோம். சர்க்கரை வியாதிக்காரர்கள் நனைந்துகொண்டே வரிசையில் நிற்பார்கள்.

மதியத்துக்குமேல் நானும் எங்கள் சுகாதார ஆய்வாளரும் அவருடைய பைக்கில் இடம் கேட்டுக் கிளம்புவோம். முதலில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். நோயாளிகள் படுத்த இடத்தில் அப்புறம் யாருங்க முகூர்த்தம் வைப்பார்கள் என்று அதன் சொந்தக்காரர் கேட்டார். அது நியாயம்தான் என்று நானே நினைத்தேன். அடுத்து, ஒரு பேங்க் காலி செய்துவிட்டுப் போன கட்டடம். சொந்தக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி நான்கு வைத்திருப்பவர். உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அப்புறம் மெதுவாக, டி.பி. நோயாளிகளும் அங்கே வருவார்களா என்று கேட்டார். வருவார்கள், மாத்திரை வாங்கிப் போவார்கள், ஒன்றும் ஆகாது என்று விளக்கினோம். எல்லாம் கேட்டுக்கொண்டார். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார். அப்புறம் போனே எடுக்கவில்லை.

இப்படியே போனது. யாரும் முகத்தில் அடித்த மாதிரிப் பேசவில்லை. வாங்க சிஸ்டர், உட்காருங்க சிஸ்டர், காப்பி சாப்பிடுங்க என்பார்கள். காலியாகக் கிடக்கும் கட்டடம் என்றால் மகன் பெங்களூரிலிருந்து வந்து கடை வைக்கப் போகிறான் என்பார்கள். கவர்மெண்டுக்கு விட்டால் திரும்ப வாங்க முடியாது என்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் சாவும் வருமே என்று ஒரு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

எனக்கு மனசு விட்டுப்போனது ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டில். சர்க்கரையால் காலில் புண் வந்து, விரலை எடுக்க வேண்டியதாகிவிடும் என்று பயந்துகொண்டு எங்களிடம் வந்தவர். மாதக்கணக்கில் நான் அவருக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன். கீழ்த்தளம் முழுக்கக் காலியாக வைத்துக்கொண்டு மாடியில் குடியிருந்தார். கேட்டதும் அவர் தரையைப் பார்த்தபடி, "என்னைய நம்பி நீங்க வந்தது சந்தோசமுங்க. ஆனா தெருக்காரங்க என்னைய உடமாட்டாங்க" என்றார். தெருக்காரர்களிடம் கேட்டீர்களா என்றேன். கேட்க வேண்டியதே இல்லை, எனக்குத் தெரியும் என்றார். போகும்போது வாசல்வரை நொண்டிக்கொண்டே வந்து வழியனுப்பினார்.

வெளியே வந்ததும் ஆய்வாளர் தயங்கிக்கொண்டே, உங்கள் வீட்டுக் கட்டடமே மெயின் வீதியில் காலியாகத்தானே இருக்கிறது, ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

அது என் கணவரின் அண்ணனுடைய கட்டடம். லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடையை எடுத்த பிறகு ஷட்டர் இறக்கியே கிடந்தது. நானே அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் பக்கத்து வாசலுக்குப் போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் கணவர் வண்டியில் போயிருக்கும்போது என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான். ரொம்ப நேரம் யோசித்தார். நாளைக்கு விற்க வேண்டி வந்தால் எவன் வாங்குவான் என்றார். நான் விடவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே கர்ப்பிணிகள் நிற்பதைச் சொன்னேன். என் ஓரகத்தியும், அதாவது அவருடைய மனைவியும், எனக்காக இரண்டு வார்த்தை பேசினார். கடைசியில், "செரி அம்மிணி, உனக்காகத்தான்" என்றார். நான் அழுதேவிட்டேன்.

டாக்டர் வந்து பார்த்தார். அளந்தார்கள். முன்பக்கம் சாய்தளம் போட்டார்கள். வாடகை ஒப்பந்தத்துக்கான காகிதங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்த் திரும்பின. குடிமாறுகிற நாள் வந்தபோது, ஆஸ்பத்திரி மெயின் வீதிக்கு வருகிறது என்ற பேச்சு தறிக்காலனி வரைக்கும் பரவியிருந்தது.

அன்று காலையில் டெம்போவில் கட்டில்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனோம். கட்டடத்தின் முன்னால் கூட்டம் நின்றது. முதலில் உதவிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போனதும்தான் புரிந்தது. கடைக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எனக்குத் தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. நான் பிரசவம் பார்த்த பெண்கள் மூன்று நான்கு பேர் இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். முன்னால் நின்றவர் அந்த வாத்தியார்.

அவர்தான் பேசினார். சத்தம் போடவில்லை. இது வியாபாரம் நடக்கிற வீதி, தினமும் நோயாளிகள் வந்து நின்றால் கடைக்கு எவன் வருவான், சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம், வேறு எங்காவது பாருங்கள் என்றார். "உங்க மேல ஒரு வருத்தமும் இல்லீங்க சிஸ்டர்" என்றார். கூட்டத்தில் எல்லாரும் அதற்குத் தலையாட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல்தான் தாங்கவில்லை.

டாக்டர் பேசிப் பார்த்தார். ஆய்வாளர் மேலதிகாரிகளுக்குப் போன் போட்டார். என் மச்சாண்டார், கணவரின் அண்ணன், ஷட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி நின்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள்.

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து தறி ஓட்டப் பிழைப்புக்கு வந்த குடும்பம். எங்களிடம்தான் மாதாமாதம் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிரசவம். புருஷன் வெளியூருக்குச் சரக்கு இறக்கப் போயிருந்தான். இன்றைக்கு ஆஸ்பத்திரி இங்கே வந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு காலனியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பனிக்குடம் உடைந்து புடவை நனைந்திருந்தது. டெம்போவின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நான் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். வலி விடாமல் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தது. நேரம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஆம்புலன்சுக்குச் சொன்னோம். அது வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு நாமக்கல் போய்க்கொண்டிருந்தது. நான் மச்சாண்டாரிடம் போனேன். இந்தப் பெண்ணைப் படுக்கவைக்க ஒரு அறை கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றேன். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். டாக்டரும் கெஞ்சினார். மச்சாண்டார் சாவியைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"ஒருக்கா தொறந்துட்டா அப்பறம் அடைக்க முடியாது அம்மிணி" என்றார்.

நான் இன்னொரு முறை கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை சரியாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்தக் கூட்டம் முழுவதும் உதவிக்கு இறங்கியது. மளிகைக் கடைக்காரர் தன் காரை எடுத்து வந்தார். ஒருவர் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்தார். என் ஓரகத்தி ஓடிப்போய்த் துவைத்த பழைய புடவைகளை அள்ளிக்கொண்டு வந்தார், கண்ணெல்லாம் தண்ணீர். தலையணை வந்தது. பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து, பார்த்து சாமி, மெதுவா சாமி என்று சொல்லிச் சொல்லிக் காருக்குள் ஏற்றினார்கள். வாத்தியார் ரோட்டில் நின்று எதிரே வந்த வண்டிகளை நிறுத்தி வழி விட்டார். ஒருத்தர்கூட அவளை விரட்டவில்லை. அவ்வளவு பிரியமாக, அவ்வளவு வேகமாக, அவளை அந்த வீதியை விட்டு அனுப்பிவைத்தார்கள்.

டெம்போவில் கைக்கு எட்டிய பெட்டியைத் திறந்து கையுறையும் கத்தரியும் நூலும் எடுத்துக்கொண்டு நானும் காரில் ஏறினேன். டாக்டர் முன் சீட்டில். ஊர் எல்லை தாண்டிக் கோழிப்பண்ணைகள் வரிசையாக வரும் இடத்தில் அவள் இனி முடியாது என்றாள். வண்டியை ஓரம் கட்டச் சொன்னோம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பின் சீட்டில், கால் நீட்ட இடமில்லாமல், கார்க்கதவைத் திறந்துவைத்து டாக்டர் மழையில் நிற்க, அந்தப் பிரசவம் நடந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அதை எடுத்துவிட்டோம். ஆண் குழந்தை. அழவில்லை.

முதுகைத் தேய்த்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் ஆக்சிஜனும் டெம்போவில் எந்தப் பெட்டியில் இருந்தனவோ. டாக்டர் தன் வாயால் ஊதினார். மாற்றி மாற்றி நானும் ஊதினேன். கடைக்காரர் வண்டியைத் திருச்செங்கோட்டுக்கு விரட்டினார். வழியெல்லாம் அவர் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஒரு தடவை குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது மாதிரித் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. அந்தப் பெண் தலையைத் தூக்கித் தூக்கி, அழுவுதா, அழுவுதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்து என்னைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். எனக்கு யாரும் செய்தது அதுதான் முதல்.

எங்கள் பிரசவ அறையில் நடந்திருந்தாலும் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா என்று பிற்பாடு டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது சிஸ்டர் என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இருக்கிறேன். பிழைத்திருக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் யார்மேலாவது கோபப்பட்டிருக்கலாம். பிழைத்திருக்காது என்று சொல்லியிருந்தால் தூங்கியிருக்கலாம்.

நான் திரும்பி வந்தபோது டெம்போ பழைய இடத்துக்கே போயிருந்தது. கட்டில்களை முற்றத்தில் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். மச்சாண்டார் மறுநாள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். "ஊரை எதுத்துக்கிட்டு நான் எங்கெ போயி குடியிருக்கட்டும், நீயே சொல்லு" என்றார். என் ஓரகத்தி எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முதுகைத் தடவிவிட்டுப் போனார். என் கணவர் போனில், அண்ணனிடம் எதுவும் கேட்டுவிடாதே, குடும்பம் பிரிந்துவிடும் என்றார். நான் கேட்கவில்லை.

அந்த வாரம் ஊரே என்னிடம் துக்கம் விசாரித்தது. பாவமுங்க அந்தப் புள்ளை, நேரம் அப்படி, ஆம்புலன்ஸ் மட்டும் சீக்கிரம் வந்திருந்தால் என்று பேசினார்கள். ஆனால் யாரும் எங்களுக்கு இடம் தரவில்லை. இப்படி ஒரு சாவு நடந்த பிறகாவது மனசு இளகும் என்று எதிர்பார்த்தேன். அது இன்னும் இறுகிவிட்டது. ஆஸ்பத்திரி வந்தால் சாவும் வரும் என்று சொன்னவர்களுக்கு, குடிமாறுகிற நாளிலேயே ஒரு சாவு வந்துவிட்டதே.

கடைசியில் பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடாமல் கிடந்த கோழித்தீவனக் குடோன் ஒன்று கிடைத்தது. சொந்தக்காரர் வெளியூர்க்காரர், யார் வந்தால் என்ன என்று கொடுத்துவிட்டார். தகரக் கூரை. எத்தனை தடவை கழுவினாலும் தீவன வாடை போகவில்லை. ஊரிலிருந்து நடந்து வர முடியாது, ஆட்டோவோ பைக்கோ வேண்டும். வயசானவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். சிலரைத் தேடி வீட்டுக்கே போனேன். சிலர் வீட்டுக்கு நான் போனபோது படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பழைய இடத்தில் புதுக் கட்டடம் தூண்களோடு நிற்கிறது. எப்போது முடியும் என்று கேட்பதை நாங்களும் விட்டுவிட்டோம். மச்சாண்டாரின் கட்டடத்தில் இப்போது ஒரு ரெடிமேட் ஜவுளிக்கடை நடக்கிறது. நல்ல கூட்டம்.

வாத்தியார் மட்டும் மகனின் பைக்கில் தவறாமல் வந்து கட்டுப்போட்டுக்கொண்டு போனார். நான் எப்போதும்போலத்தான் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, வலிக்காமல் சுற்றினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சில மாதம் கழித்து அந்தப் பெண் குடோனுக்கு வந்தாள். மூத்த பெண் குழந்தைக்குக் காய்ச்சல். சொந்த ஊருக்கே திரும்பிப் போகிறோம், போகிற வழிக்கு மருந்து வேண்டும் என்றாள். மருந்தைக் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் கதவை மட்டும் திறந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள்: "அவுங்க எடம் சிஸ்டர். அவுங்க என்னா பண்ணுவாங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தன் குழந்தைக்காகக் கோபப்படலாம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பைபாஸ் ரோட்டைக் கடந்து பஸ்ஸுக்குப் போனாள்.

நான் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறேன். அதே மனிதர்களுக்குத்தான் ஊசி போடுகிறேன். விசேஷங்களுக்கு என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள், பந்தியில் என் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் அதிகமாக விழுகிறது. அவர்கள் என்மேல் வைத்திருக்கிற அன்பு பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு என்ன வேண்டுமானாலும் கேளுங்க சிஸ்டர் என்று சொன்னால், இப்போதெல்லாம் எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது.